அப்பா போட்ட பழைய வலைத்தளம்: அதே தோற்றத்தோட மீட்க முடியுமா?

குடந்தைப் பொண்ணு:
அப்பா போன தையில தவறிட்டார். பரண்ல அவர் பெட்டியை இறக்கினப்ப ஒரு பிளாப்பி கிடைச்சது. 2004 மகாமகத்துக்காக ஜியோசிட்டீஸ்ங்கற இலவச வலைத்தள சேவையில அவர் போட்ட தளம் அதுல இருக்கு. கோப்பு திறக்குது, ஆனா தமிழைக் காணோம். முக்கால் பின்னமும் தொப்பி வெச்ச ஆங்கில எழுத்துமா நிக்குது.

அந்தப் பக்கம் எனக்குக் கண்ணுலயே இருக்கு. சந்தன மஞ்சள் பின்னணி, தலைமாட்டுல ‘வருக வருக’ன்னு ஓடற எழுத்து, ரெண்டு பக்கமும் சுடர் ஆடற குத்துவிளக்கு, அடியில வந்தவங்களை எண்ணற கறுப்புப் பெட்டி. மகாமகக் குளத்து மண்டபம் 16க்கும் ஆளுக்கொரு பக்கம். மணிக்கு 20 ரூபாய் பிரவுசிங் சென்டர்ல என்னையும் பக்கத்துல உட்காரவெச்சு ஒவ்வொரு படமா ஏத்துவார். எண் ஒண்ணு கூடியிருந்தா அன்னிக்கு வீடு வர்றவரைக்கும் அதே பேச்சு.

வெள்ளை வெளேர்னு புதுசா செஞ்சு தர ஆள் இருக்காங்க. எனக்கு அது வேண்டாம், அப்பா கைப்பட்ட மாதிரியே வேணும். இன்னொண்ணு, மண்டபப் படங்களோட ஏதோ ஒரு தெருப் படமும் இருக்கு. எந்தப் பக்கத்துலயும் அது இல்ல. ஏன்னு புரியல.

வலங்கைமான் அண்ணன்:
தங்கச்சி, முதல்ல பிளாப்பியை அப்படியே நகல் எடுத்துடுங்க. ‘த’ வர்ற இடத்துல முக்கால் பின்னம் நின்னா அது திஸ்கிங்கற பழைய தமிழ்க் குறிமுறை. அந்தக் காலத்துல ஆங்கிலம் போக மிச்சமிருந்த 128 இடத்துல தமிழைத் திணிச்சு வெச்சோம். ‘கொ’ன்னா கொம்பு, க, கால்னு மூணு துண்டு, கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே. இன்னிக்குப் புழங்கற யூனிகோடு முறை வேற, அதனால குறிமுறை மாத்தற மென்பொருள் (மாற்றி) வழியா போட்டுத்தான் எடுக்கணும். பொங்குதமிழ் மாதிரி மாற்றிகள் இதுக்குன்னே வந்தது.

எழுத்தை மட்டும் மாத்தி, கோப்போட உள்ள தலைப்பகுதியில குறிமுறையை யூடிஎஃப்-8னு போடுங்க. மத்ததைத் தொடாதீங்க. ஓடற எழுத்துக்கான மார்க்கீ இன்னிக்கும் ஓடும். கண்சிமிட்டற பிளிங்க்தான் போச்சு, பயர்பாக்ஸே 2013ல எடுத்துடுச்சு. வந்தவங்களை எண்ணற பெட்டி வேற சர்வர்ல இருந்து வந்த படம், அது வராது. கடைசியா நின்ன எண் தெரிஞ்சா அதையே படமா வெச்சுடுங்க.

தஞ்சாவூர் டீச்சர்:
வந்தவங்க குறிப்பு எழுதிட்டுப் போற விருந்தினர் ஏடு வெச்சிருந்தாராம்மா? அதுவும் வேற சேவையில இருந்திருக்கும், பிளாப்பியில வராது. முகப்புக் கோப்பை நோட்பேட்ல திறந்தா அதோட முகவரி கிடைக்கும். பழைய வலைப்பக்கங்களைச் சேமிச்சு வெக்கற வேபேக் மெஷின்ல போட்டுப் பாருங்க. 2009 அக்டோபர் 26ல ஜியோசிட்டீஸ் மூடறதுக்குள்ள தன்னார்வலர்கள் எவ்வளவோ அள்ளி வெச்சாங்க. எனக்கு அந்தத் தளங்கள்ல ரொம்பப் பிடிச்சதே அந்த ஏடுதான். முன்பின் தெரியாதவங்க வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போன மாதிரி இருக்கும்.

குடந்தைப் பொண்ணு:
டீச்சர், ஏட்டுல மூணு பக்கம் கிடைச்சது! சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் ஆங்கில எழுத்துல தமிழா எழுதியிருக்கார்: நாகேஸ்வரன் வடக்கு வீதியில பிறந்தவராம், வந்து 30 வருஷம் ஆச்சாம், அந்தத் தெருவை ஒரு படம் போட முடியுமான்னு கேட்டிருக்கார். அதுக்குக் கீழ அப்பா: “ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போடுகிறேன்.”

அந்தப் படத்துக்கு இப்ப ஒரு பக்கம் போட்டுக்கிட்டிருக்கேன். அதே சந்தன மஞ்சள்லதான்.