புரட்டாசியில் நிறுத்திவிடும் அண்ணன்: குடிநோய்க்குச் சிகிச்சை தேடிய அனுபவங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி:

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் கவுச்சி சமைப்பதில்லை. மதுவும் வாசற்படி ஏறாது. இந்த வழக்கம்தான் என் அண்ணனுடைய நோயைப் பல ஆண்டுகள் எங்கள் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். மற்ற மாதங்களில் கேன் எனப்படும் கரும்புச் சாராயத்தைக் கோக்கில் கலந்து குடிப்பவர், புரட்டாசி பிறந்ததும் குளித்து விளக்கேற்றி, ஒரு சொட்டும் தொடாமல் இருந்துவிடுவார். தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்திலும் அப்படியே. "நினைத்தால் நிறுத்திவிடுகிறான், இவனைப் போய்க் குடிகாரன் என்கிறாயே" என்று அம்மா என்னைத்தான் கடிந்துகொள்வார்.

ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபோதும் தட்டு கடகடவென்று ஆடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரில் உதிரிச் சக்கரத்துக்கு அடியில் புட்டி இருந்ததும் எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டும் புரட்டாசி முதல் நாள் வழக்கம்போல் நிறுத்தினார். இரண்டாம் நாள் காலை, சாமி அறையில் திரியைத் திரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து, வலிப்பு வந்து துடித்தார். மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டபோது, "இது விரத மாதம் டாக்டர், அவன் குடிக்கவே மாட்டான்" என்றார் அம்மா. அது பொய்யல்ல என்பதுதான் கொடுமை. காக்காய் வலிப்பாக இருக்குமோ என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த சில மணி நேரம் கழித்து, நான் நடைபாதையில் அந்த மருத்துவரைத் தனியே நிறுத்தி உண்மையைச் சொன்னேன்.

அவர் விளக்கியதை அன்றே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. நாள்தோறும் அதிகம் குடிப்பவரின் மூளை மதுவுக்குப் பழகிவிடுவதால், திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும்; இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். அதனால் டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். அது இல்லாவிட்டால் மூளை கெடக்கூடுமாம்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பியதும், எல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மா தேங்காய் உடைத்தார். மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான், உடலிலிருந்து மது இறங்கியிருக்கிறதே தவிர சிகிச்சை இன்னும் தொடங்கவேயில்லை என்று சொல்லி எங்களைச் சான்காவுக்கு அனுப்பினார். குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவ 1956 முதல் இந்நாட்டில் இயங்கிவரும் அமைப்பு அது. டர்பனிலும் அதன் மையம் இருக்கிறது. அங்கே உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்தார்கள். 8 மதிப்பெண்ணிலிருந்தே கவலைக்குரியது. அண்ணனுக்கு 27 வந்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆலோசகர் விரதத்தைக் குறைத்துப் பேசவில்லை. விரதம் முடிகிற அன்று மாலை என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசிச் சனிக்கிழமைப் பூசைக்கு இரண்டு நாள் முன்பே புட்டியை வாங்கி வைத்துவிடுவேன் என்றார். எனக்கே அது புதிய செய்தி.

மெரிபேங்கிலிருந்து ஓர் அக்கா:

தம்பி, உங்கள் அம்மா சொன்ன அதே வார்த்தைகளை நான் என் மாமியாரிடம் கேட்டிருக்கிறேன். என் கணவருக்குத் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை தேவை என்றபோது, பணத்துக்கு எங்கே போவது என்றுதான் முதலில் கலங்கினோம். மெடிக்கல் எய்டு என்னும் எங்கள் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அலுவலகத்தில் தொலைபேசி எடுத்தவர், குடிக்கெல்லாம் திட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அது தவறு. கட்டாயமாக வழங்க வேண்டிய குறைந்தபட்சப் பயன்களில் மதுச் சார்புக்கான மருத்துவமனைச் சிகிச்சையும் ஆண்டுக்கு மூன்று வாரம் வரை அடங்கும். ஆகையால் தொலைபேசியில் வாதாடாமல், மருத்துவரிடம் நோய்க் குறியீட்டோடு கடிதம் வாங்கி எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. தங்கள் பட்டியலில் உள்ள மையத்துக்குத்தான் போக வேண்டும் என்பார்கள், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் ஓராண்டு இழுத்தடித்தார். குடிநோயை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்காமல், வேலை செய்ய இயலாமையாகக் கருதி ஆலோசனைக்கும் மறுவாழ்வுக்கும் வழிவிடுவதைப் பற்றி யோசிக்கும்படி தொழிலாளர் சட்டத்தின் நடைமுறை விதி முதலாளிகளுக்குச் சொல்கிறது என்பதைச் சங்கத்துக்காரர் ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகே அவர் மேலாளரிடம் பேசினார். குடும்பத்தார் வாக்குமூலம் கொடுத்து நீதிமன்றத்தின் வழியாகச் சிகிச்சை மையத்தில் சேர்ப்பதற்கும், போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சைக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சமூகப் பணியாளர் அதைப் பற்றிச் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை; நல்லவேளை, அது தேவைப்படவில்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பெரியவர்:

நான் குடித்தவன், ஆகவே மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு மருத்துவர் டைசல்ஃபிராம் மாத்திரை கொடுத்தார்; ஆன்டபியூஸ் என்றால் பலருக்குத் தெரியும். அதை உட்கொண்டிருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அப்படி நேரலாம். மது கலந்த இருமல் மருந்தைத் தெரியாமல் ஒரு கரண்டி குடித்துவிட்டு நான் குளியலறைத் தரையில் ஒரு மணி நேரம் கிடந்தேன். கல்லீரலையும் இதயத்தையும் பார்த்த பிறகே இதைக் கொடுப்பார்கள். எங்கள் உறவினர் ஒருவர், மகனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கூடவே கூடாது. குடிப்பவனுக்குத் தெரியாமல் கொடுத்தால் அவன் செத்தும் போகலாம்.

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் தேவாலயத்துக் கூடத்தில் நடக்கிறதே என்று நான் முதல் நாள் வாசலிலேயே கால்மணி நேரம் நின்றேன். உள்ளே யாரும் என் மதத்தைக் கேட்கவில்லை. தேநீரில் சர்க்கரை எத்தனை என்று மட்டும் கேட்டார்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி மீண்டும்:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தவர்களுக்கு: நடுவில் ஒரு முறை வழுக்கினார், ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், மறுவாரமே அவராகச் சான்காவுக்குத் திரும்பிப் போனார். இந்தப் புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தன்னோடு இருக்கும்படி ஆலோசகரின் யோசனைப்படி என்னைக் கேட்டிருக்கிறார். கார்ச் சாவி அன்று என்னிடம் இருக்கும்.