மேற்பரப்பைப் பழுதுபார்க்கும் எஃகுக் கலவை: காப்புரிமைப் பரிசீலனை அறிக்கைக்கு எப்படிப் பதில் சொல்வது?

பிறைப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு பிறையில், தேய்ந்துபோன இயந்திர பாகங்களை வெல்டிங் மூலம் மீட்டெடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். வேலையில் பெரும்பகுதி செம்பனை ஆலைகளிலிருந்து வருகிறது. பழத்தைப் பிழியும் திருகுகளை நாரும் கொட்டையும் மணலும் அரைத்துத் தின்றுவிடும்; அவற்றைத் தாங்கும், 4140 எனப்படும் நடுத்தரக் கார்பன் எஃகுத் தண்டுகளும் தாங்கிகள் அமரும் இடத்தில் பள்ளமாகிவிடும். திருகுகளுக்கு வழக்கமான குரோமியம் கார்பைடு கம்பியே போதும். அந்தப் பூச்சில் குறுக்காக மயிரிழை விரிசல்கள் விழுந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. தண்டுக்கு அது ஆகாது, ஏனெனில் சுழலும் தண்டில் மேற்பரப்பு விரிசல் உள்ளே இறங்கித் தண்டையே முறித்துவிடும்.

ஆகவே முன்கூட்டியே சூடாக்காமல் தண்டின் மேல் நேரடியாகப் படியவைக்கத்தக்க எஃகுக் கலவை ஒன்றை உட்தூள் நிரப்பிய கம்பியாக உருவாக்கி, அதற்குக் காப்புரிமை கேட்டு மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவிடம் விண்ணப்பித்தோம். முதல் உரிமைக் கோரிக்கை, அதாவது நாங்கள் கேட்கும் உரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம், இப்படி இருக்கிறது: உலோக மேற்பரப்புகளைப் பழுதுபார்ப்பதற்கான எஃகுக் கலவை, எடை விழுக்காட்டில் கார்பன் 0.1 முதல் 0.3, குரோமியம் 10 முதல் 14, நிக்கல் 3 முதல் 5, மாங்கனீசு 0.5 முதல் 1.5, மாலிப்டினம் 0.5 முதல் 1.5 ஆகியவற்றை உள்ளடக்கியது.

இப்போது பரிசீலனை அறிக்கை வந்திருக்கிறது. ஜப்பானிய ஆவணம் ஒன்றைக் காட்டி, காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி புதுமை இல்லை என்றும் 15ஆம் பிரிவின்படி கண்டுபிடிப்புத்திறன் (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத தன்மை) இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆவணம் எஃகு ஆலையின் தொடர்வார்ப்பு உருளைகளுக்கான மேற்பூச்சைப் பற்றியது. அதிலுள்ள எடுத்துக்காட்டு ஒன்றில் கார்பன் 0.12, குரோமியம் 13, நிக்கல் 4.5, மாலிப்டினம் 1, மாங்கனீசு 0.6 என்று இருக்கிறது. அவர்கள் புது உருளைக்குப் பூசுகிறார்கள், நாங்கள் பழைய தண்டைப் பழுதுபார்க்கிறோம். இந்த வேறுபாட்டைச் சொன்னால் போதாதா? விண்ணப்பிப்பதற்கு முன்பே, ஓராண்டுக்கு உட்பட்ட காலத்தில், சரிசெய்த தண்டுகளை ஆலைக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். அதனால் சிக்கல் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

கோலாலம்பூர் முகவர் எழுதியது:

வணக்கம். எளிதான கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆலையில் ஓட்டிப் பார்த்தது இங்கே உங்களைப் பாதிக்காது. எழுத்து, பேச்சு, பயன்பாடு என எவ்வழியிலாவது உலகில் எங்கேனும் பொதுமக்களுக்கு வெளிப்பட்டவை அனைத்தும் முன் அறியப்பட்டவையே என்று 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சொன்னாலும், விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரின் செயலால் நேர்ந்த வெளிப்பாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று 14ஆம் பிரிவே விலக்கும் அளிக்கிறது. ஆலைக்குக் கொடுத்த தேதியைக் காட்டும் ஒப்படைப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஐரோப்பாவில் இத்தகைய சலுகை கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முதல் கேள்விக்கு நீங்கள் விரும்பும் பதில் என்னிடம் இல்லை. ஒரு கலவையை அதன் பொருளாகவே கோரும்போது, எந்த வேலைக்கு என்று முன்னால் எழுதியிருப்பது, அந்த வேலைக்கு ஏற்றது என்ற அளவிலேயே பார்க்கப்படும். உருளைக்குப் பூசக்கூடிய கம்பியைத் தண்டுக்கும் பூசலாம் என்பதால் வேறுபாடு அங்கேயே மறைந்துவிடுகிறது. போதாததற்கு, உங்கள் வரம்புகள் ஐந்துக்குள்ளும் அவர்களுடைய அந்த எடுத்துக்காட்டு முழுமையாக விழுகிறது. வரம்பு முழுவதையும் முந்தைய ஆவணம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உள்ளே விழும் ஒரு புள்ளியே புதுமையை அழித்துவிடும்.

இதற்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நல்ல பாடம். ஒரு நிறுவனம் மாலிப்டினம் 0.2 முதல் 0.4, நிக்கல் 0.6 முதல் 0.9 விழுக்காடு கொண்ட டைட்டானியக் கலவையைக் கோரியது. அக்கலவை அரிப்பை எதிர்க்கும் என்பதே அவர்கள் கண்டறிந்தது. பழைய ரஷ்யக் கட்டுரை ஒன்றின் வரைபடத்தில் மாலிப்டினம் 0.25, நிக்கல் 0.75 என்ற ஒரு புள்ளி இருந்தது. அரிப்பைப் பற்றி அக்கட்டுரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் வரம்பைக் கோரியவை புதுமையற்றவை என்று நீதிமன்றம் தள்ளியது. பழைய பொருளில் புதிய பண்பைக் கண்டறிந்தால் பொருள் புதிதாகிவிடாது என்பதே காரணம். நம் நாட்டு அதிகாரியை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் அறிக்கையின் தர்க்கமும் இதுவேதான்.

எனவே வரம்பைச் சுருக்கியே ஆக வேண்டும். சுருக்கும்போது நம் சட்டத்தின் 26ஏ பிரிவு குறுக்கே நிற்கும்: முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் (கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தில்) இல்லாத எதையும் திருத்தத்தின் பெயரால் உள்ளே கொண்டுவர முடியாது. உங்கள் விவரக்குறிப்பில் இன்னும் குறுகிய வரம்பு எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா?

---

பிறைப் பட்டறை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இருக்கிறது. கார்பன் 0.18 முதல் 0.22 வரை இருந்தால் சிறப்பு என்று ஒரு வரி இருக்கிறது. ஒப்பீட்டு மாதிரிகளின் அட்டவணையில், மார்ட்டன்சைட் (எஃகு குளிரும்போது உருவாகும் கடினமான படிக அமைப்பு) தொடங்கும் வெப்பநிலைக்கு, கலவையின் அளவுகளிலிருந்து அதைக் கணிக்கும் ஆண்ட்ரூஸ் சமன்பாட்டால் கணக்கிட்ட எண்களும் தனி நிரலில் உள்ளன. அவை 180 முதல் 240 பாகை செல்சியஸுக்குள் வருகின்றன. படிந்த உலோகம் இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் மார்ட்டன்சைட்டாக மாறும்போது விரிவடைவதால், குளிரும்போது ஏற்படும் சுருக்கத்தை அது ஈடுசெய்கிறது, அதனால்தான் விரிசல் விழுவதில்லை என்பது எங்கள் விளக்கம். அந்த வெப்பநிலை வரம்பைக் கோரிக்கையில் சேர்த்தால் ஜப்பானிய ஆவணத்திலிருந்து விலகிவிடலாம் அல்லவா?

---

நிபோங் திபால் உலோகவியலாளர் எழுதியது:

அவசரப்படாதீர்கள் தம்பி. அதே சமன்பாட்டை ஜப்பானிய எடுத்துக்காட்டுக்கும் போட்டுப் பார்த்தீர்களா? ஆண்ட்ரூஸ் 1965இல் தந்த நேர்கோட்டுச் சமன்பாட்டில் 539இலிருந்து கார்பனுக்கு 423, மாங்கனீசுக்கு 30.4, நிக்கலுக்கு 17.7, குரோமியத்துக்கு 12.1, மாலிப்டினத்துக்கு 7.5 என்ற மடங்குகளைக் கழிக்க வேண்டும். நீங்கள் கொடுத்த எண்களின்படி அவர்களுடைய கலவைக்கு ஏறத்தாழ 225 பாகை வருகிறது. உங்கள் 180 முதல் 240 என்ற சாளரத்துக்குள் அது நடுவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவர்கள் அந்த வெப்பநிலையைக் குறிப்பிடாவிட்டாலும் கலவைக்குள் அது இருக்கிறது. முகவர் ஐயா சொன்ன டைட்டானியம் கதைதான்.

மேலும், தாழ்ந்த மாற்ற வெப்பநிலை கொண்ட வெல்டிங் உலோகம் என்ற எண்ணம் 1990களின் இறுதியிலேயே ஜப்பானில் வந்துவிட்டது. குரோமியம் 10, நிக்கல் 10 என்ற அளவில் மிகக் குறைந்த கார்பனுடன் செய்து, வெல்டிங் மூட்டுகளின் களைப்பு வலிமையை (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் திறனை) கூட்டினார்கள். மறுபுறம், 410 நிக்கல் மாலிப்டினம் எனப்படும் கம்பியைக் கொண்டு நீர்மின் சுழலிகளைப் பழுதுபார்ப்பது உலக வழக்கம். அதில் கார்பன் 0.06க்கு மேல் போகாது, குரோமியம் 11 முதல் 12.5, நிக்கல் 4 முதல் 5. ஆக, விரிசல் விழாத 12 குரோமியம் 4 நிக்கல் எஃகு என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்கு வியப்பு ஏற்படாது.

என் பார்வையில் உங்கள் கலவையின் சிறப்பு கார்பனில்தான் இருக்கிறது. கார்பனைக் கூட்டினால் கடினம் கூடும் என்பது பாடநூல். ஆனால் கூட்டினால் முன்சூடு வேண்டும் என்பதும் அதே பாடநூல்தான்: 0.25க்கு மேல் கார்பன் கொண்ட 420 வகைக் கம்பியை 200 பாகைக்கு மேல் சூடாக்காமல் யாரும் தண்டில் ஏற்றமாட்டார்கள், அடியில் இருக்கும் 4140ம் முன்சூடு கேட்கும் எஃகு. 0.2 கார்பனில், குளிர்ந்த தண்டில், விரிசலின்றிப் படிகிறது என்று நீங்கள் காட்டினால், துறையில் இருப்பவர்கள் எதிர்பார்ப்பதற்கு எதிரான விளைவு அது. அதைக் காட்ட, ஜப்பானிய எடுத்துக்காட்டுக் கலவையையும் உங்கள் 0.20 கார்பன் கலவையையும் ஒரே தண்டில், ஒரே மின்னோட்டத்தில், ஒரே அடுக்கு எண்ணிக்கையில் அருகருகே படியவைத்து, விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனையும், ஏஎஸ்டிஎம் ஜி65 என்ற தரநிலைப்படி ரப்பர் சக்கரத் தேய்மானச் சோதனையும் செய்யுங்கள். தேய்மான இழப்பைக் கன மில்லிமீட்டரில் தாருங்கள். கடினத்தன்மை எண் மட்டும் போதாது.

இன்னொன்று, இது பலர் கவனிக்காதது. உங்கள் கோரிக்கையில் உள்ள விழுக்காடு எதனுடையது? கம்பியினுடையதா, தண்டின் மேல் படிந்த அடுக்கினுடையதா? சாதாரண மிக் வெல்டிங்கில் அடிஉலோகம் கால்பங்கு கலந்தால், குரோமியம் 12 உள்ள உலோகம் 4140 மீது முதல் அடுக்கில் சுமார் 9.25ஆகக் குறைந்துவிடும், 0.20 கார்பன் 0.25ஆக ஏறிவிடும். ஆண்ட்ரூஸ் எண்ணும் 200லிருந்து 230க்கு நகர்கிறது. லேசரால் படியவைத்தால் கலப்பு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கும், எனவே எண்கள் அவ்வளவாக நகரா. அடுக்கில் குரோமியம் 10க்கு மேல் என்று நீங்கள் கோரினால், உங்கள் கம்பியையே வாங்கி ஒரே அடுக்கு போடுபவர் உங்கள் உரிமைக்கு வெளியே நிற்பார்.

ஆண்ட்ரூஸ் சமன்பாடு குரோமியம் 5 விழுக்காடு வரையிலான எஃகுகளைக் கொண்டு வகுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 12 விழுக்காட்டில் அது தரும் எண்ணை உண்மையான வெப்பநிலை என்று வாதிடாதீர்கள். வெப்பநிலை மாறும்போது உலோகம் விரிவதையும் சுருங்குவதையும் அளக்கும் விரிவுமானியில் அளந்து சொல்லுங்கள்.

---

செந்தூல் பெரியவர் எழுதியது:

செந்தூலில் நீண்ட காலம் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் கேட்கிறேன். இவ்வளவு செலவு எதற்கு? சூத்திரத்தை வெளியில் சொல்லாமல் தொழிலை நடத்திக்கொண்டு போகலாமே. இல்லையென்றால், கண்டுபிடிப்புத்திறன் பார்க்காமல் கொடுக்கும் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

---

கோலாலம்பூர் முகவர் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். கலவையின் சூத்திரம் இரகசியமாக நிற்காது, ஐயா. தண்டை வாங்கிய ஆலை ஒரு துண்டை வெட்டி ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால், ஒரு நிமிடத்தில் எல்லாத் தனிமங்களும் திரையில் வந்துவிடும். மின்னோட்டம், நகரும் வேகம், அடுக்குகளுக்கு இடையே ஆறவிடும் வெப்பநிலை போன்றவற்றை மட்டுமே இரகசியமாக வைக்கலாம். தவிர, விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் நல்ல யோசனைதான். அதில் கண்டுபிடிப்புத்திறன் பார்க்கப்படுவதில்லை, பத்தாண்டு முடிந்ததும் ஐந்தைந்து ஆண்டுகளாக இரு முறை நீட்டிக்கலாம். ஆனால் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் உண்டு, புதுமையும் கட்டாயம். இப்போதைய வரம்போடு மாறினால் அதே ஜப்பானிய ஆவணம் அங்கேயும் வந்து நிற்கும். ஆகவே முதலில் வரம்பைச் சுருக்குங்கள். 15ஆம் பிரிவில் தோற்றால் அந்த வழியை நாடலாம். அறிக்கை கிடைத்தபின் மாறுவதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் அந்தத் தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

உலோகவியலாளர் ஐயாவின் கணக்கைப் பார்த்தபின், பதிலை இப்படி அமைப்பேன். முதல் கோரிக்கையில் கார்பன் 0.18 முதல் 0.22, 0.12 என்ற எடுத்துக்காட்டிலிருந்து தெளிவாக விலகியிருக்கும் குறுகிய வரம்பு இது. ஐரோப்பிய முறையில் கேட்கப்படும் இரு கேள்விகளுக்கும், அதாவது வரம்பு குறுகியதா, முந்தைய எடுத்துக்காட்டுகளிலிருந்து போதிய தொலைவில் உள்ளதா என்பவற்றுக்கும், இதில் பதில் இருக்கிறது. நம் அதிகாரிகளும் இந்த வாதத்தைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஆவணத்தின் மற்ற எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள், 0.19 கார்பனில் இன்னொன்று இருந்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். வேறு தனிமங்களுக்கும் இடம் தரும் 'உள்ளடக்கியது' என்பதை விட்டு, மீதம் இரும்பும் தவிர்க்க இயலாத மாசுகளும் என்று மூடிவிடுங்கள். விழுக்காடு எதனுடையது என்பதையும் எழுதுங்கள்: உட்தூள் கம்பிக்கு, அடிஉலோகம் கலக்காமல் பல அடுக்காகப் படிந்த உலோகத்தின் விழுக்காட்டைச் சொல்வதுதான் தொழில் வழக்கம். விவரக்குறிப்பில் அப்படி அளந்ததாக இருந்தால் அதையே வையுங்கள்.

வெப்பநிலைச் சாளரத்தைக் கோரிக்கையில் வைப்பதாயின் சமன்பாட்டையும் அதற்குள்ளேயே முழுமையாக எழுதுங்கள், ஏனெனில் சமன்பாட்டுக்குச் சமன்பாடு விடை மாறும். கோரிக்கைக்குள் அது கலவைகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு மட்டுமே, இயற்பியல் துல்லியம் அங்கே தேவையில்லை. விரிசல் ஏன் விழவில்லை என்று விளக்கும் இடத்தில்தான் அளந்த எண் வேண்டும். புதிய சோதனை முடிவுகளை விவரக்குறிப்பில் சேர்க்க முடியாது. பதில் கடிதத்தோடு சான்றாக அனுப்பலாம்.

இரண்டாவது கோரிக்கையாக, முன்சூடின்றித் தண்டைப் பழுதுபார்க்கும் முறையைக் கோருங்கள். பழுதுபார்ப்பு என்ற உங்கள் வேறுபாடு உண்மையில் எடை பெறும் இடம் அதுதான். முறைக்குக் கிடைக்கும் காப்புரிமை அம்முறையால் நேரடியாகப் பெறப்படும் பொருளுக்கும் நீள்கிறது என்பதால், அவ்வாறு சரிசெய்த தண்டை விற்பவரையும் தடுக்கலாம்.

---

பிறைப் பட்டறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஜப்பானிய ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் கார்பன் 0.08, 0.12, 0.15, 0.31 ஆகியவைதான் உள்ளன, 0.31 கார்பன் உள்ளதை 250 பாகைக்குச் சூடாக்கிய பின்பே படியவைத்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அருகருகே படியவைக்கும் மாதிரிகளை இந்த வாரமே தொடங்குகிறோம். கடைசியாக ஒரு கேள்வி: சுமத்ராவில் உள்ள ஆலைகளுக்கும் கம்பி விற்க நினைக்கிறோம். இந்தோனேசியாவில் இனி விண்ணப்பிக்க முடியுமா?

---

கோலாலம்பூர் முகவர் எழுதியது:

முதல் விண்ணப்ப நாளிலிருந்து 12 மாதம் கடந்துவிட்டால் பொதுவாக முன்னுரிமை (முதல் விண்ணப்ப நாளையே அங்கேயும் கணக்கில் கொள்ளும் உரிமை) கோர முடியாது. உங்கள் விண்ணப்பமும் வெளியாகிவிட்டதென்றால், அங்கே புதிதாக விண்ணப்பிக்கும்போது உங்கள் சொந்த ஆவணமே உங்களுக்கு எதிராக நிற்கும். சுமத்ராவில் கம்பியை விற்கத் தடையில்லை, பிறர் அதே கலவையைச் செய்து விற்பதை மட்டும் அங்கே தடுக்க முடியாது.

அந்த 250 பாகை வரியை அதிகாரிக்கு எழுதும் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எடுத்துக் காட்டுங்கள். அதிகக் கார்பனுக்கு முன்சூடு வேண்டும் என்று அவர் காட்டிய ஆவணமே சொல்கிறது; உங்களுக்கு அதைவிட வலுவான சான்று வேறெங்கும் கிடைக்காது.