கோர்ட் வாசலில் வக்கீலின் பையையும் சோதிக்க வேண்டுமா?

ஓய்வு ஏட்டு:
"வக்கீல் பையை வாசலில் திறக்கச் சொல்வது தொழிலுக்கே அவமானம்" என்று வக்கீல் 'கறுப்பு அங்கி' நேற்று இங்கே எழுதியிருந்தார். வழிக்காவலில் கைதிகளைக் கூட்டிக்கொண்டு தென்மாவட்டக் கோர்ட்டுகளில் கால்கடுக்க நின்றவன் நான். 2021 செப்டம்பர் 24 அன்று டெல்லி ரோகிணி நீதிமன்றத்துக்குள்ளேயே விசாரணைக் கைதியைச் சுட்டுக் கொன்ற இருவரும் எந்த உடையில் வந்தார்கள்? வக்கீல் உடையில். கறுப்புக் கோட்டைக் கண்டதும் வாசல் காவலர் ஒதுங்கி நிற்பாரே, அந்த மரியாதையை நம்பித்தான் வந்தார்கள். சோதனை என்றால் எல்லோருக்கும் சோதனை. மதுரை மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு 2015 நவம்பர் 16 முதல் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைதான் காவல். அங்கே வழக்கு நடக்காமலா போய்விட்டது?

கறுப்பு அங்கி:
ஏட்டய்யா, அந்தப் படை ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2015 செப்டம்பரில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கேட்டு, சென்னையில் தலைமை நீதிபதியின் அமர்விலேயே வக்கீல்கள் போராடினார்கள். அதன் பிறகுதான் வந்தது. வெடிகுண்டுக்குப் பயந்து அல்ல, எங்களுக்குப் பயந்து! அதே வளாகத்தில் 2009 பிப்ரவரி 19 அன்று போலீஸ் தடியடி நடத்தியதையும் நாங்கள் மறக்கவில்லை. என் பையில் கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னவற்றின் குறிப்புகள் இருக்கின்றன. பல வழக்குகளில் எதிரே நிற்பதே போலீஸ்தான். அவர்கள் கையால் அதைப் புரட்ட விடுவேனா?

இன்னொன்று. 2024 டிசம்பர் 20 அன்று திருநெல்வேலியில் வாய்தாவுக்கு வந்தவரை வெட்டிச் சாய்த்தது கோர்ட் வாசலுக்கு முன்னால், சாலையில். உள்ளே எத்தனை மெட்டல் டிடெக்டர் வைத்து என்ன பயன்?

ஓய்வு ஏட்டு:
நெல்லைச் சம்பவத்தை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. நீதிமன்றங்களில் ஆயுதம் ஏந்திய போலீசாரை நிறுத்த டிஜிபியும் உத்தரவிட்டார். சாலைக்கு அது. உள்ளே? ஸ்கேனர் வையுங்கள். அது இரும்பைக் காட்டும், காகிதத்தில் எழுதியதைப் படிக்காது. உங்கள் குறிப்புக்கு என்ன கேடு?

உசிலை செல்வி:
இரண்டு பேரும் பெரிய இடத்திலேயே நிற்கிறீர்கள். நான் ஜீவனாம்ச வழக்குக்கு அலைகிறவள். எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. பெண்களைச் சோதிக்க ஒரு துணித் தடுப்பு, அதற்குள் ஒரே ஒரு பெண் காவலர். அவரையும் பத்தரை மணிக்குக் கைதியோடு போகச் சொல்லிவிடுகிறார்கள். வரிசை அப்படியே நிற்கும். மாடியில் டவாலி மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என் மனு தள்ளுபடி. குழந்தையின் பால் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். கோட்டுப் போட்டவர்களோ பக்கத்து வழியில் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ஓய்வு ஏட்டு:
தாயி, பாட்டிலை முகர்வதற்குக் காரணம் உண்டு. 2023 மார்ச் 23 அன்று கோவை கோர்ட் வளாகத்தில் ஒருவன் மனைவி மீது ஆசிட் ஊற்றினான். அந்தப் பெண் பிழைக்கவில்லை. ஆசிட்டை எந்த மெட்டல் டிடெக்டரும் காட்டாது.

உசிலை செல்வி:
தெரியும் ஏட்டய்யா. நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். ஊற்றியவன் ரவுடி இல்லை, புருஷன். எங்களுக்கு ஆபத்து எதிர்மனுதாரர் என்று பட்டியலில் பெயர் அச்சாகி, அடையாள அட்டையைக் காட்டி முறையாக உள்ளே வருகிறவரிடமிருந்துதான். வந்து உட்கார்வது எங்கே? வராந்தாவில் எனக்குப் பக்கத்து பெஞ்சில், அவருடைய அண்ணன் தம்பிகளோடு. அவர்கள் தொண்டையைக் கனைத்தாலே எனக்குச் சாட்சி சொல்ல வாய் வராது. இரண்டு தரப்புக்கும் தனித்தனி இடம் ஒதுக்க ஸ்கேனருக்கு ஆகும் செலவு ஆகுமா?

குமாஸ்தா:
இந்த அம்மா சொல்வது நியாயம். வாசலையே கட்டி அழுவதில் பயனில்லை. 2016-இல் கொல்லத்தில் குண்டு வெடித்தது சும்மா நின்ற ஜீப்பில். மைசூரில் கோர்ட் வளாகக் கழிப்பறையில். அந்தத் தொடர் வழக்கில் கைது நடந்ததோ நம் மதுரையில். கழிப்பறை, படிக்கட்டு அடி, துருப்பிடித்து நிற்கும் பழைய வண்டிகள் - இவற்றைக் கோர்ட் கூடுவதற்கு முன் தினமும் ஒருவர் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பலநாள் கையெழுத்து மட்டும் நடக்கும், சுற்றுவது நடக்காது. ஆயுதம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. கொலை வழக்கு விசாரணை என்றால் சான்றுப் பொருளான அரிவாள், துணியில் சுற்றிச் சீட்டுக் கட்டி மேஜை மேலேயே இருக்கும்.

கறுப்பு அங்கி:
கூட்டத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 187-ஆவது பிரிவின்படி முதல் ரிமாண்டுக்கும், போலீஸ் காவலில் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும்தான் கைதி நேரில் வந்தாக வேண்டும். நீதிமன்றக் காவல் நீட்டிப்பைக் காணொலியில் முடிக்கலாம். ஆனால் 366-ஆவது பிரிவு, விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம் என்கிறது. பாஸ் வேண்டும், வழக்கு எண் வேண்டும் என்று வேடிக்கை பார்க்க வருகிறவரைத் துரத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நான் சட்டம் படிக்கப் போனதே மாவட்ட கோர்ட்டில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதால்தான்.

ஸ்கேனர் வழியே பை போகட்டும். கைபோட்டுத் துழாவக் கூடாது. மஃப்டியில் வரும் போலீசும் அரசு வக்கீலும் அதே வரிசையில் நிற்க வேண்டும். சம்மதமா?

ஓய்வு ஏட்டு:
மஃப்டி போலீசுக்குச் சம்மதம். ஆனால் திரையில் சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பையைத் திறந்துதான் ஆக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கறுப்பு அங்கி:
அப்படியானால் திறப்பது நானாக இருக்க வேண்டும், வக்கீல் சங்கத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குமாஸ்தா:
திறப்பது யார் என்று பிறகு சண்டை போடுங்கள் சார். ரோகிணியில் மெட்டல் டிடெக்டர்கள் வேலை செய்யவில்லை என்றுதான் அங்கிருந்த வக்கீல்களே புகார் சொன்னார்கள். ஸ்கேனர் பழுதானால் சரிசெய்யும் செலவு யார் கணக்கில்? பொதுப்பணித் துறையா, காவல் துறையா, கோர்ட்டா? அதை முதலில் எழுதி வாங்குங்கள்.

உசிலை செல்வி:
அதோடு இரண்டாவது பெண் காவலரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாய்தா திங்கட்கிழமை.