புதுப்பிப்பு: கெமிஸ்ட்ரி முடித்தவன் மாங்கூழ் ஆலைக்குப் போன கதை

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு, பெங்களூரு கால் சென்டரா, ஓசூரில் கான்ட்ராக்ட் வேலையா, இல்லை குரூப் 4-க்கு உட்கார்வதா என்று முன்பு இங்கே ஒரு பதிவில் கேட்டிருந்தேன். ஒரு அண்ணன் மட்டும், "கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாங்கூழ் பேக்டரி லேப்பில் வேலை கேட்காமல் இருக்கிறாயே" என்று எழுதியிருந்தார். அதையே பிடித்துக்கொண்டேன்.

சீசனுக்கு மட்டும் லேப் உதவியாளர் வேலை. இங்கே கூழுக்குப் பெரும்பாலும் பெங்களூரா மாம்பழம்தான், வெளியூரில் தோத்தாபுரி என்பார்களே, அது. இனிப்பு அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழ் தடவி, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். அது 14 பிரிக்ஸுக்கு (சர்க்கரை அளவைச் சொல்லும் அலகு) கீழே நின்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும். அப்புறம் பி.எச்., அமிலத்தன்மைக்கு டைட்ரேஷன். காலேஜில் மார்க்குக்காகச் செய்த அதே டைட்ரேஷன், இங்கே தப்பினால் ஒரு பேட்சே நிற்கும். "டிகிரி படிச்சிட்டு மாங்காய் எண்ணுறியாடா" என்றார் மாமா. எண்ணுவதற்கு வேறு ஆள் இருக்கிறார், மாமா.

சம்பளம் சுமார்தான். ஆடி பிறந்தால் பழவரத்து குறைந்துவிடும், வேலையும் அதோடு சரி. அதனால் நாட்ஸ் (மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டம்) அப்ரண்டிஸுக்குப் பதிந்திருக்கிறேன்: ஒரு வருடம், உதவித்தொகை உண்டு. ஓசூர் பக்கம் உணவுத் துறை லேப்பில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் யாராவது இருந்தால், இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். குரூப் 4 புத்தகங்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.