பெல்ட் புதுசு, டென்ஷனர் புதுசு, சத்தம் மட்டும் போகவில்லை: அவசர உதவி

மணி_திருப்பூர் | செவ்வாய், இரவு 9:40
வணக்கம் நண்பர்களே. பானட்டுக்குள் பெல்ட் பக்கமிருந்து டக் டக் டக் என்று சத்தம். ஐட்லிங்கில் அதிகம், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கீச் சத்தமும் சேர்ந்து வரும். மெக்கானிக் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் இரண்டையும் மாற்றினார், ஒன்றும் மாறவில்லை. இப்போது இன்ஜினை இறக்கிப் பார்க்கணும் என்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பழனி போகணும். என்னவாக இருக்கும்?

கருப்பு_பைபாஸ் | 9:52
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?

டீசல்_பிரியன் | 10:05
இன்ஜின் மவுன்டிங்தான், யோசிக்கவே வேண்டாம். மவுன்டிங் ரப்பர் போனால் ஐட்லிங்கில் இன்ஜின் உதறி எதிலாவது தட்டும். முதலில் அதை மாற்றுங்கள்.

சேலம்_ஆட்டோஎலக்ட்ரிக் | 10:31
டைனமோ புல்லியைப் பாருங்கள். இப்போது நிறைய டீசல் வண்டியில் டைனமோ புல்லிக்குள் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச் இருக்கும். அது போனாலும் இதே டக் டக்தான் வரும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் நின்றால் டைனமோ, ஏசி கம்ப்ரஸர், பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற ஐட்லர் உருளை இவற்றில் ஒன்று.

பழைய_ஸ்பானர் | 10:48
வண்டியின் பெயர் இல்லை, வருஷம் இல்லை, ஓடிய தூரம் இல்லை. இப்படிக் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும். இங்கே வாராவாரம் இதையே சொல்கிறேன். விவரம் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் தம்பி.

மணி_திருப்பூர் | 11:10
மன்னிக்கணும் அண்ணே. டீசல், 1.5 லிட்டர், 2014 மாடல் செடான். 1,38,000 கி.மீ. ஏசி போட்டால் சத்தம் கூடுகிறது. பேட்டரி லைட் எரியவில்லை.

கருப்பு_பைபாஸ் | 11:14
ஆயில் கசிவு ஏதாவது இருக்கா? கீழே பெல்ட் பக்கம்?

மணி_திருப்பூர் | 11:20
ஆமா, அந்தப் பக்கம் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் பரவாயில்லை என்றார்.

கோவை_ஒர்க்‌ஷாப் | புதன், காலை 6:55
மணி, இன்ஜினை இறக்க விடாதீர்கள். முதலில் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜினைச் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் தண்டின் முனையில் இருக்கிற பெல்ட் சக்கரத்தைப் பாருங்கள். பார்வைக்கு ஒரே இரும்புத் துண்டாகத் தெரியும், ஆனால் அது இரண்டு துண்டு. நடுவில் கிராங்க் ஷாஃப்ட்டோடு போல்ட் போட்ட ஹப், வெளியே பெல்ட் ஓடுகிற கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு மீளும். அந்த முறுக்கலை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ரப்பரும் வளையமும். அதனால்தான் டேம்பர் புல்லி என்கிறோம், ஹார்மானிக் பேலன்ஸர் என்பதும் இதையேதான்.

பத்து வருஷம் இன்ஜின் சூட்டில் கிடந்த ரப்பரில் வெடிப்பு விழும். முன்பக்க ஆயில் சீல் கசிந்தால் ஆயிலில் ஊறிப் பிதுங்கும். நீங்கள் சொன்ன ஈரம் எனக்கு அங்கேதான் சந்தேகம். ரப்பர் விட்டதும் வளையம் தனியாக ஆட ஆரம்பிக்கும். டீசலுக்கு ஐட்லிங்கில் உதறல் அதிகம், அதனால் சத்தமும் அங்கேதான் அதிகம். ஏசி போட்டால் பெல்ட்டின் மேல் சுமை ஏறும், சத்தமும் ஏறும்.

சோதனை சுலபம். இன்ஜின் ஆறியதும் பெல்ட் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் போடுங்கள். ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வைட்னரால் நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு நாள் உள்ளூரில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கோடு இரண்டாகி நகர்ந்திருந்தால் ரப்பர் பிடி விட்டுவிட்டது. நகராமல் இருந்தாலும் புல்லி நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஐட்லிங்கில் தள்ளி நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுத்து, விளிம்பு உள்ளே வெளியே ஆடுகிறதா என்று பாருங்கள். கையோ துணியோ பெல்ட் பக்கம் போகவே கூடாது.

சேலம் நண்பர் சொன்ன பெல்ட் சோதனையும் நல்லதுதான். ஆனால் சில இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடும், அரை நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். பெல்ட் இல்லாமலும் சத்தம் கேட்டால் புல்லியின் மேல் சந்தேகம் கூடும்.

டீசல்_பிரியன் | 8:20
புல்லி என்றால் புதுசு எதற்கு? மச்சான் வண்டியில் லேத்தில் கொடுத்து ஹப்பையும் வளையத்தையும் நாலு இடத்தில் வெல்ட் அடித்தோம். சத்தம் அன்றைக்கே போய்விட்டது, வண்டி இன்னும் ஓடுகிறது.

பழைய_ஸ்பானர் | 8:41
இதைப் படித்து யாராவது செய்துவிடப் போகிறார்கள். வெல்ட் அடித்தால் அது டேம்பர் இல்லை, வெறும் இரும்புச் சக்கரம். சத்தம் போகும், முறுக்கல் கிராங்க்கிலேயே நிற்கும். ஆறு சிலிண்டர் இன்ஜின் வந்த புதிதில் நீளமான கிராங்க் உடைந்துகொண்டே இருந்ததால்தான் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற இன்ஜினியர் இதற்கென்று டேம்பர் கண்டுபிடித்தார். அடிப்படையைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

டீசல்_பிரியன் | 9:03
சின்ன பெட்ரோல் வண்டிகளில் கம்பெனியே ரப்பர் இல்லாத புல்லி போடுகிறான். அந்த கிராங்க் எல்லாம் உடைந்துவிட்டதா?

கோவை_ஒர்க்‌ஷாப் | 9:30
அந்த இன்ஜினை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், அதனால் ஓடுகிறது. இந்த டீசலுக்கு ரப்பர் வைத்தது காரணமில்லாமல் இல்லை. இன்னொன்று, வெல்ட் சூட்டில் புல்லி கோணினால் பேலன்ஸும் போகும். உங்கள் மச்சான் வண்டி நன்றாக ஓடட்டும். அடுத்தவர் வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சேலம்_ஆட்டோஎலக்ட்ரிக் | 9:47
ரப்பர் மட்டும் புதுசாக ஊற்றித் தருகிற இடங்களும் உண்டே?

பழைய_ஸ்பானர் | 9:55
உண்டு. எந்தக் கடினத்தில் ஊற்றினான் என்று யாருக்குத் தெரியும்?

மணி_திருப்பூர் | வியாழன், மாலை 6:15
கோடு நகர்ந்திருக்கிறது, அரை இன்ச் இருக்கும். ரப்பர் ஒரு பக்கம் நாக்கு நீட்டின மாதிரி வெளியே நிற்கிறது. நாளைக்குப் பழனி போகலாமா?

கோவை_ஒர்க்‌ஷாப் | 6:32
போகாதீர்கள். வளையம் கழன்றால் பெல்ட்டும் போகும், கூடவே டைனமோ சார்ஜ் போகும். வாட்டர் பம்ப் அதே பெல்ட் என்றால் இன்ஜின் கொதிக்கும். தெறித்த வளையம் பக்கத்தில் எதை உடைக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளோடு தாராபுரம் ரோட்டில் நிற்க வேண்டாம். பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள்.

மாற்றும்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: ஆயில் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் புது ரப்பரும் ஊறிவிடும். சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது. புல்லர் போட்டால் ஹப்பில்தான் பிடிக்கணும், வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் புதுசும் பிய்ந்துவிடும். கிராங்க் போல்ட் பல வண்டிகளில் ஒரு தடவைக்குத்தான், புதுசு வாங்குங்கள். இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் கட்டாயம், அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மிக முக்கியம்: சில இன்ஜினில் கிராங்க்கில் கீ (கியர் நழுவாமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) கிடையாது, அந்த போல்ட்டின் இறுக்கத்தில்தான் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் கியர் நிற்கும். அதை நகராமல் பூட்டுகிற டைமிங் லாக் போடாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங்கே போய்விடும். உங்கள் இன்ஜின் எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கை வைக்கச் சொல்லுங்கள்.

கருப்பு_பைபாஸ் | 7:10
ஒரிஜினல் வாங்குங்க. டூப்ளிகேட்டில் ரப்பர் சீக்கிரம் விட்டுடும்.

டீசல்_பிரியன் | 7:26
மவுன்டிங்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மணி_திருப்பூர் | அடுத்த புதன், இரவு 8:05
புல்லி, சீல், போல்ட் மூன்றும் மாற்றியாச்சு. சத்தம் சுத்தமாக இல்லை. டைமிங் லாக் போட்டுத்தான் செய்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

கருப்பு_பைபாஸ் | 8:19
மொத்தம் எவ்வளவு ஆச்சு? எனக்கும் அதே 1.5 டீசல்தான், 1,20,000 தாண்டியாச்சு.

கருப்பு_பைபாஸ் | சனி, காலை 10:02
மணி, பார்த்தால் சொல்லுங்க.