புதுப்பிப்பு: விக்கிப்பீடியாப் பக்கங்களைத் திருத்த ஆதாரம் தேடியது

யாழ்ப்பாணத்துப் பழைய அச்சகங்கள் பற்றிய தமிழ் விக்கிப்பீடியாப் பக்கங்களைத் திருத்துகிறேன், ஆதாரத்துக்கும் நடைக்கும் எதைப் பார்ப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லாருக்கும் நன்றி.

ஆதாரத்துக்குக் கைகொடுத்தது 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் என்ற ஈழத்து இணைய நூலகம். இதழ்களும் சிறப்பு மலர்களும் பக்கம் பக்கமாக வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருக்கிறார்கள். அச்சியந்திரம் வாங்க ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போன செய்தியை ஆதாரமில்லாமல் விட்டிருந்தோம். இப்போது பக்க எண்ணோடு சேர்த்துவிட்டேன். மின்னூலின் பக்க எண்ணும் அச்சிட்ட பக்க எண்ணும் ஒன்றல்ல, கவனம். அச்சில் இருப்பதையே கொடுங்கள்.

நடைக்கு இரண்டு அகராதிகள் போதும் என்பது என் முடிவு. பழஞ்சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். இன்றைய வழக்குக்கு 1992இல் முதலில் வந்த க்ரியாவின் அகராதி. எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. ‘சுவற்றில்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். அது ‘சுவர்’ அல்ல, ‘சுவறு’ என்ற சொல்லுக்கே பொருந்தும்; ‘சுவறு’ என்றால் வற்றுதல். நான்கையும் ‘சுவரில்’ என்று மாற்றியாயிற்று.

ஒற்றுப்பிழைகள் இன்னும் பாக்கி. அடுத்த வாரம் அதில் உட்காருகிறேன்.