மலை ஊர்ல விடியக்காலையில எழுந்து நடக்கிறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பெட்போர்டுக்காரி, குன்னூர்

கீழே இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணும்போதெல்லாம், "உங்க ஊர்க் காத்துக்கு விடியக்காலையில எழுந்து நடந்தா போதும், டாக்டரே வேண்டாம்"னு சொல்லுவாங்க. ஜனவரியில 5 மணிக்குக் கம்பளிக்கு வெளியே ஒரு காலை நீட்டிப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்கன்னு சொல்லத் தோணும்.

ஆனா குளிர் ரெண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை சமையல்கட்டு லைட்டு. அது எரிஞ்சா வீடே எழுந்துடும். மாமாவுக்கு டீ, பெரியவனுக்கு வெந்நீர், வீட்டுக்காரருக்கு ஒத்தை சாக்ஸோட ஜோடி. "எழுந்துட்டியா, அப்படியே..."ன்னு யாராவது ஆரம்பிச்சா அதோட என் காலை நேரம் போச்சு. அதனால லைட்டே போடறதில்லை. ராத்திரியே பிளாஸ்க்குல வெந்நீர் ஊத்தி, ஷூ, ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாத்தையும் முன்ரூம்ல எடுத்து வெச்சிடுவேன். காலையில இருட்டுலயே கை காலை நீட்டி மடக்கி, ஒரு டம்ளர் வெந்நீர் குடிச்சிட்டு, சொந்த வீட்டுல திருட வந்தவ மாதிரி கதவைச் சாத்திட்டுக் கிளம்பிடுவேன். அந்த நேரம்தான் எனக்கே எனக்கு. மத்ததெல்லாம் பங்கு போட்டது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் எங்க தெருவுக்கு மேலே ஏறுற படிக்கட்டுத் திருப்பத்துல டார்ச் அடிச்சா, முட்டிக்குக் கீழே வெளுத்த நாலு கால் தெரிஞ்சது. டார்ச்சை மேலே தூக்கினா காட்டு மாடு. அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு, கூடவே ஒரு கன்னு. வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரைக்கும் போகும்னு எப்பவோ படிச்சது அந்த நேரத்துலயா ஞாபகம் வரணும்! வெளிச்சத்தைத் தரைக்குத் தாழ்த்திட்டு, முதுகைக் காட்டாம ஒவ்வொரு படியா பின்னாடியே இறங்கினேன். அது "புஸ்"ஸுன்னு ஒரு மூச்சு விட்டுட்டுத் தேயிலைக்குள்ள போயிடுச்சு.

அதுல இருந்து யோசனையாவே இருக்கு. இருட்டுல போனா மாடு, விடிஞ்சு போனா வீடு. நீங்கல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

ராத்திரி ஷிப்ட், கோத்தகிரி

அக்கா, மாடு பரவாயில்லை. தூரத்துலயே நின்னுட்டா அது பாட்டுக்குப் போயிடும். எங்க பக்கம் கரடி. அதுக்குக் கண்ணும் காதும் கொஞ்சம் மந்தம். நாம கிட்டத்துல போற வரைக்கும் தெரியாது, தெரிஞ்சதும் மிரண்டு மேலே பாயும். டீ பேக்டரி ஷிப்ட் முடிஞ்சு விடியறதுக்குள்ள வந்துட்டிருந்தேன். ரோட்டோரக் கோயில் கிரில் கதவு வளைஞ்சு கிடந்தது. திருட்டுன்னு நினைச்சு எட்டிப் பார்க்கப் போனா, விளக்கு எண்ணெயைக் குடிச்சு முடிச்சிட்டு வாயை நக்கிக்கிட்டே ஐயா வெளியே வர்றார். நல்லவேளை, நடுவுல ரோடு இருந்தது. கூட ஒரு ஆள் இருந்தா சத்தமா பேசிக்கிட்டே நடங்க. காதுல இயர்போன் மட்டும் வேண்டாம்.

இன்னொண்ணு. எல்லாருக்கும் 5 மணின்னா காலைன்னு அர்த்தமில்லை. நான் 7 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுந்திருக்கிறேன். என் வாக்கிங் சாயங்காலம் 4 மணிக்கு. பெரியவங்களுக்குக் குறைஞ்சது ஏழு மணி நேரத் தூக்கம் வேணும்னு டாக்டருங்க சொல்றாங்க. அதை வெட்டிட்டு நடக்கிறதுல என்ன லாபம்? நீங்க எத்தனை மணிக்குப் படுக்கிறீங்கன்னு சொல்லவே இல்லையே அக்கா.

காந்தல் பையன், ஊட்டி

டிசம்பர், ஜனவரியில எங்க ஊர்ல புல்லு மேல உறைபனி படிஞ்சு வெள்ளையா கிடக்கும், பைக் சீட்டைச் சுரண்டிட்டுத்தான் உட்காரணும். எனக்கு வீசிங் உண்டு. அந்தக் காத்தை வாய் வழியா இழுத்து ஓடினா நெஞ்சு இறுகிடும். அதனால அந்த ரெண்டு மாசம் வீட்டுக்குள்ளேயே ஸ்கிப்பிங். மீதி மாசங்கள்ல எச்.ஏ.டி.பி. மைதானம். எப்பவும் நாலு பேர் ஓடிக்கிட்டே இருப்பாங்க, மாடு கரடி பயமும் குறைவு.

ஏரிக்கரை, கொடைக்கானல்

ரிட்டயர் ஆனவன் நான், என் கதை சுலபம். லேக்கை ஒரு சுத்து சுத்தினா ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 1863-ல மதுரை கலெக்டரா இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறிச்சுக் கட்டின ஏரி அது. சீசன்ல மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வர்ற பசங்க ஜோரா ஓட ஆரம்பிப்பாங்க. பாதி தூரத்துல இடுப்புல கையை வெச்சு நின்னுடுவாங்க. தப்பு அவங்க மேல இல்லை. 2,100 மீட்டர் உயரத்துல ஒரு மூச்சுல உள்ளே போற ஆக்சிஜன், கீழே கிடைக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் மேலே. வந்த அன்னைக்கு நடங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஓடுங்க.

காலை நேரத்துக்கு எங்க ஊர்ல இன்னொரு மரியாதையும் உண்டு. இங்கே இருக்கிற சூரிய ஆய்வுக்கூடத்துல 1901-ல இருந்து சூரியனைப் பார்த்துட்டு வர்றாங்க. வெயில் ஏறித் தரை சூடானா காத்து அலைபாயும், சூரியனோட படம் கலங்கிடும். அதனால காலையிலதான் நல்ல படம் கிடைக்கும். 1909-ல ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சது இங்கேதான். காலையில எழுந்து உருப்படியா வேலை பார்த்தவங்க பட்டியல்ல அவரை முதல்ல வைக்கலாம்! நான் எழுந்து வர்க்கி வாங்கிட்டு வர்றதோட சரி.

குன்னூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்க. காலை வெளிச்சம் கண்ணுல படறதுதான் உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரத்தைச் சரி பண்ணும், ராத்திரி தூக்கமும் நேரத்துக்கு வரும். ஜனவரி கடைசியில நம்ம பக்கம் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகுது. 5 மணிக்கு எழுந்து எதைப் பார்க்கப் போறீங்க?

கேரட் காடு, கேத்தி

எல்லாரும் எழுதினதைப் படிச்சு சிரிப்பு வந்துச்சு. கேரட் எடுக்கிற சீசன்ல நாங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே பிக்கப்ல ஏறிடுவோம். நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டு, ஈரமண்ணுல குனிஞ்சு பிடுங்கி, மூட்டையை மேட்டுக்குத் தூக்கி, கழுவுற இடத்துக்கு அனுப்பணும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாதான் விலை. காட்டு மாடு எங்களுக்கு மட்டும் வழி விடுதா என்ன? இதை யாரும் உடற்பயிற்சின்னு சொல்லி லைக் போட்டதில்லை.

கோபமா எழுதலை. எனக்கும் எனக்குன்னு ஒரு நேரம் இருக்கு. வேலை முடிஞ்சு, பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிற நேரம், பதினொண்ணு பன்னெண்டு மணி வெயில்ல திண்ணையில சாய்ஞ்சு காலை நீட்டிக்கிட்டு ஒரு கட்டன் டீ. அப்போ யாராவது கூப்பிட்டா காது கேட்காத மாதிரியே இருப்பேன். இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரியில சொல்லிக்கொடுத்த ரெண்டு பயிற்சியையும் அப்போதான் பண்றேன். எனக்கு வேண்டிய பயிற்சி நிமிர்றதுதான், நடக்கிறது இல்லை.

பெட்போர்டுக்காரி, குன்னூர்

கேத்தி அக்கா, இதை வீட்டுல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். மாமா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் தன் டீயைத் தானே போட்டுக்கிட்டார். சர்க்கரை டப்பா எங்கேன்னு கேட்கத்தான் ரெண்டு தடவை கூப்பிட்டார்.

கோத்தகிரி தம்பி, படுக்கிறது பதினொண்ணரை ஆகிட்டிருந்தது. இப்போ டிபன் பாக்ஸ் காயை ராத்திரியே நறுக்கி வைக்கிறது வீட்டுக்காரர் வேலை. பத்தரைக்குப் படுத்துடறேன், நல்லா விடிஞ்ச பிறகு கிளம்பறேன். பக்கத்து லைன் வீட்டு அக்காவும் கூட வர்றாங்க. அவங்க பேச்சுக்குக் கரடி என்ன, மாடே எட்டிப் பார்க்காது. சமையல்கட்டு லைட்டை இப்போ தைரியமா போட்டுட்டே போறேன்.

அடுத்த கேள்வி: அக்டோபர், நவம்பர் மழையில படிக்கட்டெல்லாம் பாசி பிடிச்சு வழுக்குது. சாதாரண வாக்கிங் ஷூ நிக்க மாட்டேங்குது. எஸ்டேட்டுல வேலை பார்க்கிறவங்க யாராவது, நீங்க என்ன போடறீங்கன்னு சொல்லுங்களேன்.